பரணில் தூங்கிய ரயில் மீண்டும் ஓடுகிறது!

தீப்பெட்டிகளை நூலில் கோத்து ரயில் விடாத பிள்ளை உண்டா? முன்னால் போகிறவன் சட்டையைப் பின்னால் வருகிறவன் பிடித்துக்கொள்ள, "கூ... குப் குப்" என்று தெருவெல்லாம் ஓடாத பிள்ளைதான் உண்டா?

அந்த ரயில் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும்போது ஏதோ ஒரு தெருமுனையில் நின்றுவிட்டது. பிறகு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வேலை தேடி நிஜ ரயிலில் ஏறியாயிற்று. இன்று காலை லோக்கலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு ஆபீசுக்குப் போகிறவருக்கு ரயில் என்றால் கூட்டம், வியர்வை, சீசன் டிக்கெட். அவ்வளவுதான்!

மேல்நாட்டுப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். ஆனால் அங்கே பல வீடுகளில் பிள்ளைகள் விட்ட ரயில் தீப்பெட்டி ரயில் அல்ல. ஒன்றன் மேல் ஒன்றாக அழுத்திப் பொருத்தும் பிளாஸ்டிக் கட்டிகளால் கட்டிய ரயில். "லெகோ" ரயில் என்று அதற்குப் பெயர். வளர்ந்ததும் அவர்களும் அதை ஒரு பெட்டியில் போட்டு மூடினார்கள்.

அந்தப் பெட்டியைத்தான் இப்போது பலர் மறுபடியும் திறந்திருக்கிறார்கள். 40 வயதில், 50 வயதில், தலை நரைத்த பிறகு, தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து ரயில் விடுகிறார்கள். யாராவது பார்த்துவிட்டால் வெட்கப்படுவதும் இல்லை!

இந்த ஆசை எப்படித் திரும்பி வந்தது? முதலில் அந்தக் கட்டி பிறந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தச்சர் பட்டறையில்...

டென்மார்க் நாட்டில் பில்லுண்டு என்று ஒரு சிற்றூர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் இருந்தார். வீடு கட்டுவதும், மேஜை நாற்காலி செய்வதும் அவருடைய தொழில்.

1930-களில் உலகமெங்கும் பொருளாதார மந்தம் வந்தது. வீடு கட்ட ஆள் இல்லை. நாற்காலி வாங்கவும் ஆள் இல்லை. 1932-ல் அவருடைய மனைவியும் இறந்துபோனார். கையில் நான்கு பையன்கள். அந்த ஆண்டில்தான் மிச்சம் மீதி மரத்தைக் கொண்டு பொம்மை செய்ய ஆரம்பித்தார் அந்தத் தச்சர்.

1934-ல் தொழிலுக்கு லெகோ என்று பெயர் வைத்தார். "நன்றாக விளையாடு" என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் சுருக்கம் அது.

அவரைப்பற்றி ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. மகன் காட்பிரெட் ஒரு நாள் சந்தோஷமாக ஓடி வந்தார். மர வாத்துகளுக்கு வழக்கமாக மூன்று பூச்சு வார்னிஷ் அடிப்பார்கள். இரண்டே பூச்சு அடித்து, பெட்டிகளை ரயில்வே ஸ்டேஷனில் சேர்த்துவிட்டு வந்திருந்தார் அவர். "அப்பா, காசு மிச்சம்!" என்றார்.

தகப்பனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "போ, ஸ்டேஷனுக்குப் போய் அத்தனையையும் திருப்பிக் கொண்டு வா. மூன்றாவது பூச்சையும் அடித்துவிட்டு அனுப்பு" என்று சொல்லிவிட்டார். பையன் இரவெல்லாம் தனியாக உட்கார்ந்து அந்த வேலையைச் செய்து முடித்தாராம்.

இந்தக் கண்டிப்பு பிற்காலத்தில் பிளாஸ்டிக் கட்டிக்கும் வந்து சேர்ந்தது.

அளவு மாறாத கட்டி

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் பிளாஸ்டிக் வார்க்கும் யந்திரம் ஒன்றை வாங்கினார் தச்சர். இங்கிலாந்தில் ஹிலரி பிஷர் பேஜ் என்பவர் ஏற்கனவே ஒன்றோடு ஒன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டிகளைச் செய்து வந்தார். அதைப் பார்த்து 1949-ல் பில்லுண்டிலும் கட்டிகள் தயாராயின. ஆனால் அவை ஒன்றை ஒன்று இறுகப் பிடிக்கவில்லை. கட்டிய வீட்டைத் தூக்கினால் கையோடு பிரிந்து வந்தது.

அதற்கு வழி கண்டவர் மகன் காட்பிரெட். கட்டியின் மேலே குமிழ்கள். உள்ளே, அடிப்பக்கத்தில், சின்னச் சின்னக் குழாய்கள். கீழே உள்ள கட்டியின் குமிழ்கள் மேலே உள்ள கட்டியின் குழாய்களுக்கு நடுவே இறுகிக்கொள்ளும். 1958 ஜனவரி 28-ந்தேதி இதற்கு உரிமைப் பத்திரம் கேட்டு மனு கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் மாதம் தச்சர் காலமானார்.

ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடையே 8 மில்லிமீட்டர். ஒரு கட்டியின் உயரம் 9.6 மில்லிமீட்டர். அன்று வைத்த கணக்கு இன்றுவரை மாறவில்லை. 1958-ம் ஆண்டுக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து இன்று காலை வாங்கிய கட்டியின் மேல் வைத்து அழுத்தினால், "டக்" என்று உட்கார்ந்துகொள்ளும்!

தாத்தாவின் கட்டியும் பேரனின் கட்டியும் ஒன்றோடு ஒன்று சேரும். பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் அஸ்திவாரம்.

எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டிகள் ஆறு இருந்தால் போதும். அவற்றை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாகப் பொருத்தலாம் என்று டென்மார்க் கணித அறிஞர்கள் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள்!

1966-ல் முதல் ரயில்

1966-ல் ரயில் வந்தது. நீல நிறத் தண்டவாளம். நாலரை வோல்ட் மோட்டார். பாட்டரிகளையும் ரயிலே ஒரு பெட்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போகும்.

1969-ல் 12 வோல்ட் ரயில் வந்தது. இதற்குப் பாட்டரி வேண்டாம். சுவரில் உள்ள பிளக்கில் டிரான்ஸ்பார்மரைச் செருகினால், அது வீட்டு மின்சாரத்தைக் குறைத்து 12 வோல்ட்டாகக் கொடுக்கும். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உலோகப் பட்டைகள் ஓடும். எஞ்சினின் அடிப்பக்கம் அந்தப் பட்டைகளைத் தொட்டுக்கொண்டே போய் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும்.

1980-ல் இந்த ரயிலுக்கு ஒரு பொற்காலம் பிறந்தது. சாம்பல் நிறத் தண்டவாளம். கறுப்பு உடலும் சிவப்புச் சக்கரமும் உள்ள நீராவி எஞ்சின். உட்கார்ந்த இடத்தில் இருந்தே பித்தானைத் தட்டினால் தண்டவாளம் தடம் மாறும், சிக்னல் மாறும், லெவல் கிராசிங் கேட் இறங்கும். ஸ்டேஷன் மாஸ்டர், டிரைவர், போர்ட்டர் எல்லோரும் விரல் அளவு பொம்மைகளாக நிற்பார்கள்.

பெட்டிகளைச் சேர்ப்பது காந்தம். பெட்டிக்கு ஒரு முனையில் சிவப்புக் காந்தம், மறு முனையில் நீலக் காந்தம். தப்பாகத் திருப்பி வைத்தால் சேராது, தள்ளிக்கொண்டு போகும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லிக்கொடுக்கும் முன்பே காந்தத்தின் குணத்தைப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டார்கள்.

ஒரு பையன், ஒரு தகப்பனார்

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய மேற்கு ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரம். 1975-ல் பிறந்த ஒரு பையன். 1983 கிறிஸ்துமசுக்கு அவனுக்கு அந்தக் கறுப்பு எஞ்சின் கிடைக்கிறது.

தகப்பனாருக்குத் துறைமுகத்தில் வேலை. பாதி நாள் இரவு ஷிப்டு. அவர் வரும்போது பையன் பள்ளிக்கூடம் போயிருப்பான். பையன் வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இருவரும் ஒன்றாக இருக்கும் நாள். அன்று இருவரும் தரையில் உட்கார்ந்து தண்டவாளம் போடுவார்கள்.

16 வளைவுத் துண்டுகளைச் சேர்த்தால் ஒரு முழு வட்டம். நடுவே நேர்த் துண்டுகளைச் செருகினால் வட்டம் நீளும். சோபாவுக்கு அடியில் சுரங்கம். புத்தக அடுக்குக்குப் பக்கத்தில் ஸ்டேஷன். தகப்பனார்தான் சிக்னல்காரர். பையன் டிரைவர்.

பையனுக்கு 14 வயது ஆகிறது. சைக்கிள் வருகிறது, பாட்டு கேசட் வருகிறது, சிநேகிதர்கள் வருகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தகப்பனார் கேட்கிறார்:

"ரயில் விடுவோமா?"

"இல்லை அப்பா, எனக்கு வேலை இருக்கிறது."

அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

இருண்ட காலம்

சிறு வயதில் விளையாட்டை விட்டுவிட்டு, பெரியவர் ஆன பிறகு அதற்கே திரும்பி வருகிறவர்கள், நடுவே கழிந்த ஆண்டுகளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். "இருண்ட காலம்" என்று!

படிப்பு, உத்தியோகம், கல்யாணம், வீட்டு வாடகை என்று போகும் அந்தக் காலத்தில் கட்டியைப்பற்றிய நினைப்பே வராது. சிலருக்கு அது பத்து ஆண்டு. சிலருக்கு முப்பது ஆண்டு.

இதில் ஒரு வேதனையும் உண்டு. அந்தக் காலத்தில்தான் பல பெட்டிகள் கைமாறிப் போயின. "பையன் இனிமேல் எங்கே விளையாடப் போகிறான்" என்று பெற்றோர் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். பழைய சாமான் சந்தையில் விற்றார்கள். திரும்பி வந்தவர்களில் பாதிப் பேர் சொல்லும் குறை இதுதான்: "பெட்டி இருந்தது, இப்போது இல்லை."

அந்தத் துறைமுக நகரத்துப் பையன் கதைக்கு வருவோம்.

அவனுக்கு, இல்லை, இனி அவருக்கு, இப்போது வயது 40-க்கு மேல். தகப்பனார் இறந்துவிட்டார். தாயார் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சின்ன இடத்துக்குப் போகிறார். "பரணில் உன் சாமான் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ" என்று போன் வருகிறது.

பரணில் ஒரு அட்டைப் பெட்டி. திறந்து பார்க்கிறார். எஞ்சினைப் பழைய துணியில் சுற்றி வைத்திருக்கிறது. டிரான்ஸ்பார்மர் வயர் ஒழுங்காகச் சுருட்டி நூலால் கட்டியிருக்கிறது. ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு. "நேர்த் துண்டு 12", "சிக்னல் 2", "வளைவு 16".

தகப்பனார் கையெழுத்து!

பையன் விட்டுவிட்டுப் போன ரயிலை, அவர் ஒரு நாள் தனியாக உட்கார்ந்து துடைத்து, எண்ணி, சீட்டு எழுதிக் கட்டி வைத்திருக்கிறார்.

பதினாறாவது துண்டு

வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் கொட்டுகிறார். பழைய பிளாஸ்டிக் மஞ்சள் பூத்திருக்கிறது. உலோகப் பட்டையில் களிம்பு. அதைத் துணியால் தேய்த்து எடுக்கிறார். மோட்டார் முதலில் முனகுகிறது, பிறகு சுற்றுகிறது.

ஒன்பது வயது மகள் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். வளைவுகளை எண்ணுகிறாள். "அப்பா, பதினைந்துதான் இருக்கிறது!"

சீட்டில் 16 என்று எழுதியிருக்கிறது. பையில் 15. வட்டம் மூடவில்லை. ஒரு சாண் கூட இல்லாத இடைவெளி. ஆனால் ரயில் அதைத் தாண்டாது.

இந்தச் சாம்பல் நிறத் தண்டவாளம் இப்போது தயாராவதில்லை. ஆனால் பழைய கட்டிகளை வாங்கவும் விற்கவும் உலகம் முழுதும் ஆட்கள் இருக்கிறார்கள். இதற்கென்றே 2000-ம் ஆண்டில் தொடங்கிய ஓர் இணையச் சந்தையை 2019-ல் லெகோ கம்பெனியே விலைக்கு வாங்கியது. ஒற்றைத் துண்டாகவும் வாங்கலாம்.

பக்கத்து நாட்டில் முகம் தெரியாத ஒருவரிடமிருந்து ஒரு வளைவுத் துண்டு தபாலில் வருகிறது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வேறு ஒரு வீட்டில், வேறு ஒரு பிள்ளையின் ரயில் ஓடிய துண்டு. வைத்து அழுத்தினால், "டக்!"

வட்டம் மூடிவிட்டது. ரயில் சோபாவுக்கு அடியில் போய், மறுபக்கம் வருகிறது. மகள் கை தட்டுகிறாள். அவர் மட்டும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இது ஒருவர் கதையாகச் சொல்லப்பட்டாலும் ஒருவர் கதை அல்ல. வீடு காலி செய்யும்போது கிடைத்த பெட்டி, பிள்ளைக்கு வாங்கப் போய்த் தமக்கே வாங்கிக்கொண்ட எஞ்சின் என்று, திரும்பி வந்தவர்கள் சொல்லும் கதைகள் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்குகின்றன.

தண்டவாளமே நின்றுபோனது!

அவர்கள் திரும்பி வந்தபோது ரயில் எப்படி இருந்தது தெரியுமா?

1991-ல் 9 வோல்ட் ரயில் வந்திருந்தது. நடுப் பட்டை போய், தண்டவாளத்தின் மேலேயே உலோகத் தகடு போர்த்தியிருந்தார்கள். அசல் ரயில்போல அழகாக இருந்தது. பெரியவர்கள் பலர் இதை நம்பித்தான் தங்கள் ரயில் பாதைகளைப் போட்டார்கள்.

ஆனால் கம்பெனிக்குக் கஷ்ட காலம். 2003, 2004 ஆண்டுகளில் பெரும் நஷ்டம். 2004-ல் தச்சர் குடும்பத்தைச் சேராத ஒருவர் முதன்முறையாகத் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ஜோர்கன் விக் நுட்ஸ்டார்ப் என்ற அவருக்கு அப்போது வயது 35. செலவைக் குறைக்க, லெகோலாண்டு விளையாட்டுப் பூங்காக்களின் பெரும்பங்கு 2005-ல் விற்கப்பட்டது.

2006-ல் உலோகம் இல்லாத வெறும் பிளாஸ்டிக் தண்டவாளமும், பாட்டரியில் ஓடும் ரயிலும் வந்தன. 2007-ல் 9 வோல்ட் ரயில் அடியோடு நிறுத்தப்படும் என்று அறிவித்தார்கள்.

பெரியவர்கள் கொதித்துப்போனார்கள். வீட்டின் ஓர் அறையையே ரயிலுக்கு ஒதுக்கியவர்கள் அவர்கள். "ஒரு வளைவுத் துண்டு உடைந்தால்கூட இனி எங்கே போவது?" என்று கேட்டார்கள்.

அப்போது ஒரு நல்ல காரியம் நடந்தது. பெரியவர்களில் சிலரையே கூப்பிட்டு கம்பெனி யோசனை கேட்டது. அவர்கள் யோசனையும் சேர்ந்து 2009-ல் ஒரு பச்சை நிற நீராவி எஞ்சின் வெளிவந்தது. "எமரால்டு நைட்" என்று பெயர். 1,085 துண்டுகள். நிஜ எக்ஸ்பிரஸ் எஞ்சினுக்கு இருப்பதுபோலப் பெரிய சக்கரங்கள். வெகு நாட்களாக அவர்கள் கேட்டு வந்த சக்கரம் அது!

2018 முதல் வந்த ரயில்களைச் செல்போனாலும் ஓட்டலாம். 2020 முதல் "18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு" என்று அச்சிட்ட பெட்டிகளே வருகின்றன. சுவிட்சர்லாந்து மலைப்பாதையில் ஓடிய "முதலை" எஞ்சின் 2020-லும், புகழ்பெற்ற "ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்" 2023-லும் வந்தன. ஓரியண்ட் எக்ஸ்பிரசில் மோட்டார் பொருத்த வசதி வைக்கவில்லையே என்று பலருக்கு மனத்தாங்கல். "ஓடாத ரயில் என்ன ரயில்?" என்று கேட்டார்கள்.

இத்தனை மாற்றத்திலும் ஒன்று மாறவில்லை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள தூரம் 1966-ல் எவ்வளவோ இன்றும் அவ்வளவே. பழைய பெட்டியைப் புதிய தண்டவாளத்தில் ஏற்றி இழுக்கலாம்!

ஆளுக்கு ஒரு மேஜை

ஜெர்மனி, ஹாலந்து, இங்கிலாந்து, அமெரிக்கா என்று பல நாடுகளில் இவர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். வங்கி மானேஜரும் லாரி டிரைவரும் அங்கே சமம்.

கண்காட்சி என்றால் ஆளுக்கு ஒரு மேஜை கொண்டு வருவார்கள். மேஜை உயரம் இவ்வளவு, தண்டவாளம் வரும் இடம் இது என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள். ஒருவர் மேஜையில் கிராமம். ஒருவர் மேஜையில் பாலம். ஒருவர் மேஜையில் துறைமுகம். எல்லாவற்றையும் ஒட்டிவைத்ததும் ரயில் எல்லோர் ஊருக்கும் போய்விட்டு வரும்!

2013-ல் டென்மார்க்கில் இப்படிப்பட்ட ரசிகர்கள் சேர்ந்து சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்டவாளம் போட்டார்கள். 93 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். அந்தக் குட்டி ரயில் இந்த முனையில் இருந்து அந்த முனைக்குப் போய்ச்சேரக் கிட்டத்தட்ட 4 மணி நேரம் ஆயிற்று. உலக சாதனை!

பெரம்பூர்ப் பெட்டி கட்டினால்...

சிறு பிள்ளை கட்டும்போது கணக்குப் பார்ப்பதில்லை. பெரியவர் கணக்குப் பார்த்துக் கட்டுகிறார். அதிலும் ஒரு ருசி இருக்கிறது.

நம் ஊர் ஆட்களைத் தலைமுறை தலைமுறையாக வடக்கே கொண்டுவந்து சேர்த்த ரயில் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955 முதல் 2018 வரை சென்னை பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலையில் உருவான பெட்டி அது. அதை லெகோவில் கட்டினால் எவ்வளவு பெரிதாக வரும்?

நம் அகலப்பாதையில் தண்டவாள இடைவெளி 1,676 மில்லிமீட்டர். லெகோ தண்டவாள இடைவெளி சுமார் 37.5 மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால், நிஜத்தில் 45-ல் ஒரு பங்கு. பெட்டியின் அகலம் சுமார் மூன்றேகால் மீட்டர். அதை 45-ஆல் வகுத்தால் 72 மில்லிமீட்டர். குமிழுக்கு 8 மில்லிமீட்டர் வீதம் சரியாக 9 குமிழ்!

நீளம் 21 மீட்டருக்குச் சற்று மேல். 45-ஆல் வகுத்தால் 47 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அதாவது ஏறக்குறைய 60 குமிழ்.

இங்கேதான் சிக்கல். கம்பெனி செய்யும் வளைவுத் தண்டவாளத்தின் ஆரம் 32 சென்டிமீட்டர்தான். அரை மீட்டர் நீளப் பெட்டி அந்த வளைவில் திரும்பினால், மூலைகள் வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்துச் சிக்னலைத் தட்டிவிடும். ஆகவே பெட்டியைக் குட்டையாக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய வளைவு போட வேண்டும். எதைக் குறைப்பது, எதை விடக்கூடாது என்று யோசித்துக்கொண்டே இரவு பதினோரு மணி ஆகிவிடும்.

ஜன்னல் கம்பி வேண்டுமா? கதவோரக் கைப்பிடி வேண்டுமா? பெட்டிக்குள் மேல் பெர்த்தில் ஓர் ஆள் படுத்திருக்க வேண்டுமா? நினைவில் இருக்கும் ரயிலைக் கையால் கட்டும் வேலை இது. கட்டும்போதுதான் எத்தனை விஷயம் நினைவில் இருந்திருக்கிறது என்பதே தெரியும்.

பர்ஸ் ஜாக்கிரதை!

இதில் எச்சரிக்கையும் உண்டு. லெகோ மலிவான சாமான் அல்ல. நம் நாட்டில் வெளிநாட்டு விளையாட்டுச் சாமான்களுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்தில் இருந்து 60 சதவீதமாக உயர்ந்தது. 2023-ல் 70 சதவீதம் ஆனது. பெரிய ரயில் பெட்டி ஒன்றின் விலையைக் கேட்டால் மாதச் சம்பளக்காரருக்குத் தலை சுற்றும்.

மேல்நாட்டிலும் இதில் பணத்தை இறைத்துவிட்டு, மனைவியிடம் பெட்டியை ஒளித்து வைக்கும் ஆசாமிகள் இருக்கிறார்கள். வாங்கி வாங்கி அடுக்கிவிட்டு, பெட்டியைப் பிரிக்கவே நேரம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அது விளையாட்டு அல்ல, வியாதி.

திரும்பி வந்தவர்களில் விவரம் தெரிந்தவர்கள் சொல்வது ஒன்றுதான். முதலில் பழைய பெட்டியைத் தேடு. இருப்பதைக் கழுவு. குறைகிற ஒரு துண்டை மட்டும் வாங்கு.

லெகோ இல்லாவிட்டால் என்ன? 16 துண்டில் ஒரு துண்டு குறைந்தது என்று தேடிய அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது பிளாஸ்டிக்கா? ஞாயிற்றுக்கிழமை தகப்பனாரோடு தரையில் உட்கார்ந்த அந்த இரண்டு மணி நேரம் அல்லவா!

அது தீப்பெட்டி ரயிலிலும் இருந்தது. நுங்குக் குரும்பையில் குச்சி செருகி ஓட்டிய வண்டியிலும் இருந்தது. தகரத்தை வெட்டி, பழைய செருப்பில் சக்கரம் அறுத்துக் கொடுத்த அண்ணனிடமும் இருந்தது.

பரணைப் பாருங்கள்

அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது வீட்டுப் பரணை ஒரு முறை எட்டிப் பாருங்கள். தகரப் பெட்டியில் பம்பரம், கோலிக்குண்டு, சாவி கொடுத்தால் ஓடும் மோட்டார் கார் என்று ஏதாவது கிடக்கலாம். கிடைத்தால் துடைத்து எடுத்து வாருங்கள். சாவி இறுகியிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

ஒன்றும் இல்லையா? பரவாயில்லை. நான்கு தீப்பெட்டியும் ஒரு முழம் நூலும் போதும். ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும், செல்போனை ஒரு மணி நேரம் அலமாரியில் வைத்துவிட்டுப் பிள்ளையோடு தரையில் உட்காருங்கள்.

"ரயில் விடுவோமா?" என்று கேளுங்கள்.

"எனக்கு வேலை இருக்கிறது அப்பா" என்று பதில் வந்தாலும் வருத்தப்படாதீர்கள். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கேளுங்கள். ரயிலைத் துடைத்து, எண்ணி, சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

ஒரு நாள் திறப்பார்கள்.